குச்சி ஐஸுக்குள் பழம் எங்கே?

சித்திரை பிறந்துவிட்டால் மா வைத்திருக்கும் நமக்கு இரண்டு கவலை. காய் பிடிக்கவில்லை என்றால் ஒரு கவலை. நிறையப் பிடித்துவிட்டால் அதைவிடப் பெரிய கவலை. பறிகூலியும் வண்டி வாடகையும் போக ஒன்றும் மிஞ்சாது என்று காயை மரத்திலேயே விட்டுவிட்டவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தத் தோப்புகளுக்குள் நடந்தால் காலடியில் பழம் மிதிபடும். ஈ மொய்த்துக் கிடக்கும்.

அதே வாரம், அதே ஊரின் பெட்டிக்கடையில் பிள்ளைகள் 'மேங்கோ' ஐஸ் வாங்கித் தின்றுகொண்டு இருக்கும். ஒரு நாள் அந்த உறையை வாங்கித் திருப்பிப் படித்தேன். தண்ணீர், சர்க்கரை, அமிலம், நிலைநிறுத்தி, அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறம், மணமூட்டி. உறையின் மேல் மட்டும் மாம்பழப் படம். பழம் இங்கே அழுகுகிறது, அதன் பெயர் அங்கே விற்கிறது.

இது இன்றைக்கு வந்த கோளாறு இல்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோதே குச்சி ஐஸுக்குள் பழம் கிடையாது. ஐம்பது, அறுபது வருடமாக ஒரு இடம் காலியாகக் கிடக்கிறது. அதில் நாம் உட்காரலாமா என்று யோசிக்கத்தான் இந்தக் கட்டுரை.

களத்துக்கு வந்த ஐஸ் பெட்டி

எங்கள் ஊர் நத்தம் பக்கம். நான் சொல்வது 1960-களின் கடைசி, 70-களின் தொடக்கம். ஊரில் மின்சாரம் இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். குளிர்சாதனப் பெட்டி எந்த வீட்டிலும் இல்லை. கோடையில் குளிர்ச்சி என்றால் மண்பானைத் தண்ணீர், நுங்கு, பதநீர், மோர், கோயிலில் ஊற்றும் பானகம். எல்லாம் நல்ல பண்டம்தான். ஆனால் எதுவும் பல்லைக் கூச வைக்கிற குளிர்ச்சி இல்லை. அந்தக் குளிர்ச்சி சைக்கிளில்தான் வரும்.

சைக்கிள் கேரியரில் நீல நிறம் அடித்த மரப்பெட்டி. உள்ளே தகரம், தகரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் மரத்தூள். மூடிக்கு மேலே பழைய சாக்கு. ஐஸ்காரர் வாயால் கூவ மாட்டார். பெட்டி மூடியைத் தூக்கித் தூக்கிப் போடுவார். டப்பு, டப்பு, டப்பு. அந்தச் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும். பிள்ளைகள் அத்தனை பேரும் சைக்கிளைச் சுற்றி நிற்போம். மூடி திறந்தவுடன் வெள்ளைப் புகை எழும்பும். அதில் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பதற்குக் காசு கிடையாது.

சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை எல்லாம் 5 பைசா. பால் ஐஸ், சேமியா ஐஸ், ஜவ்வரிசி ஐஸ் 10 பைசா. சிவப்பை உறிஞ்ச உறிஞ்ச நிறமும் இனிப்பும் முதலில் வந்துவிடும். கடைசியில் குச்சியில் வெறும் வெள்ளை ஐஸ் நிற்கும். அதையும் விடமாட்டோம். பிறகு நாக்கை நீட்டி யார் நாக்கு அதிகச் சிவப்பு என்று பந்தயம்.

காசு எல்லோர் கையிலும் இருக்காது. ஐஸ்காரர் அதற்கும் வழி வைத்திருந்தார். தேங்காய்ச் சிரட்டை, பழைய இரும்பு, புளியங்கொட்டை, எது கொடுத்தாலும் எடுத்துக்கொள்வார். அறுப்புக் காலத்தில் அவர் தெருவுக்கு வரமாட்டார், நேரே களத்துக்கு வந்துவிடுவார். அங்கே நெல்தான் காசு. அறுத்த வயலில் கதிர் பொறுக்கி, கசக்கி, மடியில் கட்டிக்கொண்டு ஓடுவோம். அவர் சாக்கில் கொட்டிவிட்டு ஒரு சிவப்பு ஐஸ் தருவார்.

என் அப்பத்தா களத்தில் நின்று ஒருமுறை சத்தம் போட்டது. "ஏலே, ஒரு கை நெல்லு எத்தனை பேரு பாடுன்னு தெரியுமா? பச்சத் தண்ணிக்கு அள்ளிக் குடுக்குற." அன்றைக்கு அது எங்களுக்குக் கஞ்சத்தனமாகத் தெரிந்தது. இன்றைக்கு அதை உழவரின் கணக்காகப் பார்க்கிறேன். அந்தக் குச்சியில் இருந்தது தண்ணீர்தான். உறைய வைக்கும் இயந்திரம் நகரத்தில் இருந்தது. நம்மிடம் விளைந்த பண்டம் சாக்கில் ஏறி அங்கே போனது.

குளிர்ச்சி எங்கிருந்து வந்தது?

குளிர்ச்சி நம் நாட்டுக்கு விலைக்கு வந்த பண்டம். 1833-ல் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ஃபிரெடரிக் டியூடர் என்ற வணிகர் கல்கத்தாவுக்குக் கப்பலில் பனிக்கட்டி அனுப்பினார். குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்ததை அறுத்து எடுத்த கட்டிகள் அவை. மாதக்கணக்கில் கடலில் வந்தும் பாதிக்கு மேல் கரையாமல் வந்து சேர்ந்தது. காரணம், சுற்றிலும் அடைத்த மரத்தூள். சென்னைக் கடற்கரையில் அந்தப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். 1897-ல் விவேகானந்தர் தங்கிய அதே கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம். எங்கள் ஊர் ஐஸ்காரரின் பெட்டியில் இருந்ததும் அதே மரத்தூள் வித்தைதான்.

பிறகு இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் கப்பல் ஐஸ் நின்றுபோனது. நாங்கள் தின்ற குச்சி ஐஸ், டவுனில் ஐஸ் கம்பெனியின் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் உறைந்தது. சாதாரணத் தண்ணீர் 0 டிகிரியில் உறைந்துவிடும். தேவையான அளவு உப்புக் கரைத்த தண்ணீர், பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி வரைக்கும் உறையாமல் ஓடும். அந்தக் கடுங்குளிர்த் தண்ணீருக்குள் தகர அச்சுகளை இறக்கி, கலர் தண்ணீரை ஊற்றி, குச்சி செருகினால் சீக்கிரமே கட்டியாகிவிடும். மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளைகளுக்குக் கோடை வெயிலில் கையில் பனிக்கட்டி என்பதே அதிசயம். அதில் என்ன பழம் இருக்கிறது என்று யாருக்குக் கேட்கத் தோன்றும்?

பழையது எல்லாம் நல்லது என்று சொல்லமாட்டேன்

நம் கூட்டங்களில் 'அந்தக் காலத்துப் பண்டம் எல்லாம் சுத்தம்' என்று பேசுவது வழக்கம். குச்சி ஐஸ் விஷயத்தில் அது செல்லாது. இனிப்புக்குப் பல இடங்களில் சாக்கரின் போட்டார்கள். 1879-ல் ஆய்வகத்தில் கண்டுபிடித்த பொருள் அது. சர்க்கரையைப் போல 300 மடங்கு இனிப்பு, ஒரு சிட்டிகையில் வேலை முடிந்துவிடும். ஐஸ் தின்று முடித்த பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு நிற்குமே, ஞாபகம் இருக்கிறதா? அது அதனுடைய கசப்புத்தான்.

தண்ணீர் அதைவிடப் பெரிய கவலை. உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சாகாது, பெரும்பாலும் தூங்கும். வயிற்றுக்குள் போய் முழித்துக்கொள்ளும். கோடையில் ஐஸ் தின்ற பிள்ளைக்கு மஞ்சள் காமாலை, டைபாய்டு என்று பெரியவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது.

நிறத்தையும் பார்த்துவிடுவோம். இந்தியாவில் உணவில் சேர்க்க அனுமதி உள்ள செயற்கை நிறங்கள் 8. பொதுவான உச்ச அளவு, கிலோவுக்கு 100 மில்லிகிராம். உறையில் 102 என்று இருந்தால் மஞ்சள் தரும் டார்ட்ராசின், 110 என்றால் ஆரஞ்சு தரும் சன்செட் யெல்லோ, 122 என்றால் சிவப்பு தரும் கார்மோசின். இந்த மூன்றையும் சேர்த்து ஆறு நிறங்களுக்கு, பிள்ளைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை உறையில் அச்சிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் விதி வைத்திருக்கிறது. நம் மாநிலத்தில் 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தார்கள். துணிச் சாயமான ரோடமின்-பி அதில் இருந்ததுதான் காரணம். உறையில்லாத பண்டத்தில் என்ன நிறம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆகவே அந்தப் பழைய குச்சி ஐஸ் திரும்பி வர வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. அந்தச் சைக்கிளும், பிள்ளைகள் கூடி நின்றதும், நெல்லுக்கு மாற்றிக்கொண்ட உறவும் வேறு. குச்சியின் உள்ளே இருந்தது வேறு.

வங்கி மேசையிலிருந்து பார்த்தது

படித்து முடித்து வங்கி வேலைக்குப் போனேன். ஏழைகளுக்கு 4 சதவீத வட்டியில் சிறுகடன் கொடுக்கும் திட்டம் 1972-லிருந்தே இருந்தது. அதில் சைக்கிளும் ஐஸ் பெட்டியும் வாங்கக் கடன் கேட்டு வந்தவர்களுக்கு நானே படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். ஒருவர் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது: "சார், வெயில் அடிச்சா தவணை கட்டிருவேன். மழை பேஞ்சா கொஞ்சம் பொறுத்துக்கணும்." பயிர்க்கடன் வாங்க வருகிறவர் இதையே தலைகீழாகச் சொல்வார்.

பிறகு என் கண் முன்னாலேயே அந்தச் சைக்கிள்கள் குறைந்தன. கடைக்குக் கடை கம்பெனி ஃப்ரீசர் வந்து உட்கார்ந்தது. மாடு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி முழு ஐஸ்கிரீம் என்றால் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று எழுதியிருந்தால் அதில் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெயோ தாவரக் கொழுப்போ சேர்த்திருக்கலாம். சட்டப்படி அது குற்றமில்லை, உறையில் சொல்லியும் இருப்பார்கள். ஆனால் இரண்டும் ஒரே ஃப்ரீசரில், ஒரே மாதிரிக் கிண்ணத்தில் இருக்கும். எழுத்து சின்னது. ஆக, பழம் இல்லாத மாம்பழ ஐஸுக்குப் பக்கத்திலேயே பால் கொழுப்பு இல்லாத கிண்ணமும் வந்துவிட்டது. மரம் வைத்திருப்பவருக்கும் மாடு வைத்திருப்பவருக்கும் அந்த ஃப்ரீசரில் இடம் குறைந்துகொண்டே போகிறது.

எங்கள் தோப்பில் செய்து பார்த்தது

பணி ஓய்வுக்குப் பிறகு நாலு ஏக்கர் மாந்தோப்பை இயற்கை வழியில் பார்த்து வருகிறேன். கிளிமூக்கு அதிகம், கொஞ்சம் செந்தூரம். விலை விழுந்த ஒரு வருடம் வியாபாரி கிலோ 6 ரூபாய்க்குக் கேட்டார். அன்று இரவு என் வீட்டுக்காரம்மாதான் சொன்னார்: "பழமா குடுத்தாத்தானே ஆறு ரூபா? குச்சியில குத்திக் குடுத்துப் பாப்போம்." 14,000 ரூபாய்க்குப் பழைய ஃப்ரீசர் ஒன்று வாங்கினோம். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் கூலிக்குச் சேர்ந்துகொண்டார்.

எங்கள் கைக்குப் பிடிபட்ட அளவு இது. 2 கிலோ கனிந்த பழத்தில் சுமார் 1 கிலோ கூழ் வரும். கூழை அடுப்பில் வைத்து நன்றாகக் கொதி வரும் வரை கிளறி ஆற வைக்கிறோம். 250 கிராம் நாட்டுச் சர்க்கரையை 700 மில்லி தண்ணீரில் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆறிய பிறகு கூழோடு கலக்கிறோம். 60 மில்லி அச்சில் ஊற்றினால் 30 குச்சி. குச்சி ஐஸில் மொத்த இனிப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. பழத்தின் இனிப்பையும் சேர்த்தால் இது அதைத் தாண்டிவிடுகிறது.

இனிப்பைக் குறைத்தால் ஐஸ் கல்லாகிவிடும். சர்க்கரை உறைநிலையை இறக்குவதால்தான் பல் இறங்குகிற பதம் கிடைக்கிறது. மெதுவாக உறைந்தால் பெரிய பெரிய பனி ஊசிகள் வந்து நறநறக்கும். அதனால் கலவையை ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர வைத்து, பிறகு அச்சில் ஊற்றுகிறோம். ஃப்ரீசர் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் நிற்க வேண்டும். பழ நாரும் இந்த ஊசிகளைத் தடுக்கும் என்பதால் கூழை ரொம்ப வடிகட்டத் தேவையில்லை.

மாம்பழத்தோடு நிற்கவில்லை. கம்பம் பக்கத்துப் பன்னீர் திராட்சை வாங்கி, கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து, கொட்டை நீக்கிச் செய்தோம். நிறம் தானாகவே வந்தது. நன்னாரி வேரை நசுக்கி, நடுத்தண்டை நீக்கி, தோலை மட்டும் இரவு ஊறப்போட்டுக் கொதிக்க வைத்த சாறும், எலுமிச்சையும் நன்றாகச் சேர்ந்தன. பாலைப் பாதியாகச் சுண்ட வைத்துக் கருப்பட்டி சேர்த்தது பெரியவர்களுக்குப் பிடித்தது. இதில் ஒரு எச்சரிக்கை: கொதிக்கிற பாலில் கருப்பட்டியைப் போட்டால் திரிந்துவிடும். கருப்பட்டியைத் தனியே பாகாக்கி வடிகட்டி, இரண்டும் நன்றாக ஆறிய பிறகே கலக்க வேண்டும். இளநீரோடு வழுக்கையை அரைத்துச் செய்ததும் நன்றாக வந்தது. நுங்கு மட்டும் சரிப்படவில்லை. உறைய வைத்தால் அதன் குழைவு போய்விடுகிறது. நுங்கை நுங்காகவே தின்போம்.

முதல் வாரம் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. என் பேத்தி நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தாத்தா, இது கலரே ஒட்டல. டூப்ளிகேட் ஐஸ்." பழம் போட்டது போலி, சாயம் போட்டது அசல் என்று அந்த நாக்கு பழகிப்போயிருந்தது. நான் எதுவும் விளக்கம் சொல்லவில்லை. தோப்புக்குக் கூட்டிப்போய்ப் பழம் பொறுக்கவிட்டோம். கூழ் பிழிவதிலும் அச்சில் ஊற்றுவதிலும் அவளும் அவள் தோழிகளும் கை கொடுத்தார்கள். அவர்களே செய்த பிறகு அது 'எங்க ஐஸ்' ஆகிவிட்டது. மூன்றாவது வாரம் கடை ஐஸை ஒரு கடி கடித்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லையே" என்றாள்.

கணக்கைச் சொல்லாமல் விடமாட்டேன்

30 குச்சிக்கு ஆன செலவு: நாட்டுச் சர்க்கரை 18 ரூபாய், குச்சியும் காகித உறையும் 30, மின்சாரம் 20, கூலி 60. பழத்துக்கு, வியாபாரி கேட்ட 6 ரூபாயைப் போடாமல், கிலோவுக்கு 15 ரூபாய் என்று நாங்களே விலை போட்டு 30. ஆக 158 ரூபாய். ஒரு குச்சிக்கு ஐந்தேகால் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. 10 ரூபாய்க்கு விற்றோம்.

அந்தக் கோடையில் 3,000 குச்சி விற்றது. நின்ற லாபம் 14,200 ரூபாய். ஃப்ரீசர் விலையைக் கழித்தால் கையில் 200 ரூபாய்! ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் எங்கள் வீட்டு உழைப்புக்குமாகக் கூலி 6,000 ரூபாய், பழத்துக்கு 3,000 ரூபாய் ஏற்கெனவே செலவுக் கணக்கில் ஏறி வீட்டுக்குள்ளும் தெருவுக்குள்ளும் வந்துவிட்டன. அடுத்த வருடம் ஃப்ரீசர் வாங்கத் தேவையில்லை.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 3,000 குச்சிக்குச் செலவான பழம் வெறும் 200 கிலோ. வண்டி வண்டியாகக் காய்க்கிற தோப்பில் இது ஒரு மூலை. குச்சி ஐஸ் செய்தால் மாங்காய் விலைப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூழ் ஆலையோடும் வியாபாரியோடும் விலைக்காகச் சங்கமாக நின்று பேசுகிற வேலை அப்படியே பாக்கி இருக்கிறது. ஆனால் வியாபாரி எடுக்காமல் கழிக்கிற, கீழே விழுந்து அடிபட்ட, நன்றாகக் கனிந்துபோன பழத்துக்கு இது நல்ல வழி. அதற்கு விலை சொல்கிறவர் நாம்.

செய்ய நினைப்பவர்களுக்கு

தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் பயன்படுத்தாதீர்கள். அச்சு, குச்சி, கை மூன்றும் சுத்தமாக இருக்கட்டும். ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைத்து விற்காதீர்கள். மின்வெட்டில் உருகினால் அன்றே வீட்டில் பழச்சாறாகக் குடித்துவிடுங்கள். ஃப்ரீசரை நிறைத்து வைத்து, மூடியைத் திறக்காமல் மேலே கனமான போர்வை போட்டால் சில மணி நேர மின்வெட்டைத் தாங்கும். அந்த மரத்தூள் பாடம் இங்கேயும் உதவுகிறது.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யுங்கள். சிறு தயாரிப்பாளருக்குப் பெரிய உரிமம் தேவையில்லை, பதிவு போதும். நான் பதிவு செய்தபோது கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். உறையில் என்ன பழம், என்ன இனிப்பு, எந்தத் தேதி என்று தமிழில், படிக்கிற அளவில் எழுதுங்கள். எங்கள் உறையில் மூன்றே வரி: மாம்பழக் கூழ், தண்ணீர், நாட்டுச் சர்க்கரை. ஒன்றாவது படிக்கும் பிள்ளையே எழுத்துக்கூட்டிப் படித்துவிடும்.

முதல் வருடமே ஃப்ரீசர் வாங்க ஓட வேண்டாம். வீட்டு ஃப்ரிட்ஜில் 30 குச்சி செய்து, உங்கள் தெருப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் இரண்டாவது கேட்டால் அதற்கு மேல் யோசிக்கலாம். ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே செய்துவிடுங்கள்: குச்சியையும் அச்சையும் தை மாதமே வாங்கி வையுங்கள். சித்திரையில் தேடினால் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கூடிவிடும்.